புதுசா வந்த கோன்ஃப்ளவர் ரகம் எந்தக் கடையில கிடைக்கும்? தேடிப் பிடிக்கிற வழி

அமெரிக்காவுல தோட்டம் போடுற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது நடந்திருக்கும். எங்கயோ ஒரு புது கோன்ஃப்ளவர் (நடுவுல கூம்பு மாதிரி எழும்பி நிக்கிற பூ, எக்கினேசியான்னும் சொல்வாங்க) படத்தைப் பாப்பீங்க, கலரு அப்படியே கண்ணைப் பறிக்கும், அடுத்த வீக்கெண்டே பக்கத்து நர்சரிக்குப் போய் கேட்டா "அப்படி ஒண்ணு எங்ககிட்ட வரலையே"ம்பாங்க, ஆன்லைன்ல தேடினா ஒண்ணு சோல்ட் அவுட்னு இருக்கும், இல்லைன்னா அந்தப் பேரைப் போட்டு சம்பந்தமே இல்லாத ஒரு விதை பாக்கெட்டைக் காட்டும். அதனால செடியே இல்லைன்னு நினைச்சுடாதீங்க, இருக்கு. நாம தேட ஆரம்பிக்கிற இடம்தான் தப்பு. கடையில ஆரம்பிக்காம, அந்தச் செடியை உருவாக்கினது யாருன்னு முதல்ல பிடிச்சு, அங்கேருந்து அது கடைக்கு வர்ற பாதையிலயே பின்னாடி போனா பெரும்பாலும் கையில சிக்கிடும்.

அந்தப் பாதை எப்படின்னா, முதல்ல ப்ரீடர். உதாரணத்துக்கு ஆரிகன் மாநிலத்துல கேன்பிங்கற ஊர்ல இருக்குற டெர்ரா நோவா நர்சரீஸ், கிஸ்மெட் வரிசை அவங்களோடது. சோம்ப்ரெரோ, டபுள் ஸ்கூப் வரிசையெல்லாம் பால் கம்பெனியோட பெரெனியல் (வருஷா வருஷம் திரும்ப முளைக்கிற செடி) பிரிவான டார்வின் பெரெனியல்ஸ்லேருந்து வர்றது. ஹாட் பப்பாயா மாதிரி ரகங்கள் நெதர்லாந்துல அரி பிளோம் உருவாக்கினது. இவங்க ஒரு நல்ல செடியைத் தேர்ந்தெடுத்ததும் அதை டிஷ்யூ கல்ச்சர் லேப்ல, அதாவது விதை இல்லாம செடியோட சின்னத் துண்டுலேருந்தே அச்சு அசலா, ஆயிரக்கணக்குல பெருக்குவாங்க, அது ப்ளக்குங்கற குட்டி நாத்தா மொத்த வளர்ப்பாளர்கிட்ட போகும், மிச்சிகன்ல ஜீலேண்ட்ல இருக்குற வால்டர்ஸ் கார்டன்ஸ் மாதிரி ஆளுங்க, அவங்க அதை வளர்த்து ரீடெய்ல் நர்சரிகளுக்குக் கொடுப்பாங்க, கடைசியாத்தான் நம்ம கைக்கு வரும். டெர்ரா நோவாவும் வால்டர்ஸும் நேரா நமக்கு விக்க மாட்டாங்க, அங்க போய் ஆர்டர் பட்டனைத் தேடாதீங்க. ஆனா அவங்க சைட்டைப் படிக்காம விட்டுடக் கூடாது, ஏன்னா ரகத்தோட சரியான பேரு, உயரம், ஜோன் (எவ்வளவு குளிர் ஊர் வரைக்கும் தாங்கும்ங்கற நம்பர்) எல்லாம் அங்கதான் ஒழுங்கா இருக்கும், எங்க வாங்கலாம்னு ஒரு பக்கமும் பல ப்ரீடர்கள் வெச்சிருப்பாங்க, ரீடெய்ல் கடைங்க பேரெல்லாம் அதுல கிடைக்கும்.

இந்தப் பாதையில நேரம் ஆகும், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். புது ரகங்களைத் தொழில்காரங்களுக்குக் காட்டுறது வசந்த காலத்துல நடக்குற கலிஃபோர்னியா ஸ்பிரிங் ட்ரையல்ஸ், அப்புறம் ஜூலை மாசம் ஒஹாயோவுல கொலம்பஸ்ல நடக்குற கல்டிவேட் கண்காட்சி மாதிரி இடங்கள்ல. அங்க எடுத்த போட்டோதான் உடனே நெட்ல சுத்த ஆரம்பிக்கும். ஆனா அந்தச் செடி நம்ம ஊர்க் கடைக்கு வர இன்னும் ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகலாம். அதனால படம் பாத்த அன்னைக்கே தேடி அலையறதை விட, அது எந்த வருஷத்து ரிலீஸ்னு ப்ரீடர் பக்கத்துல பாத்துக்கோங்க. அடுத்த வருஷம்னு போட்டிருந்தா காலண்டர்ல ஒரு நோட் போட்டு வெச்சுட்டு வேற வேலையைப் பாக்கலாம்.

அடுத்தது பேரு. ஒரே செடிக்கு ரெண்டு பேர் இருக்கும், இதுல பாதிப் பேரு குழம்பிடறாங்க. ஒண்ணு பதிவு பண்ணின ரகப் பேரு, ஒத்தை மேற்கோள் குறிக்குள்ள வர்றது. இன்னொண்ணு வியாபாரப் பேரு, டேக்ல பெருசா அடிச்சிருக்கிறது. சிகாகோ பொட்டானிக் கார்டன்ல ஜிம் ஆல்ட் உருவாக்கின ஆரஞ்சு கோன்ஃப்ளவர் கடையில ஆரஞ்ச் மெடோபிரைட்ங்கற பேர்ல வந்துச்சு, ஆனா அதோட ரகப் பேரு ஆர்ட்ஸ் பிரைட் (Art's Pride). இப்ப வர்றதுல ரகப் பேரு இன்னும் மோசம், வெறும் எழுத்தா அடுக்கியிருப்பாங்க, டெர்ரா நோவாவோடதுன்னா பல சமயம் TNனு ஆரம்பிக்கும், பால் கம்பெனியோடதுன்னா Balனு ஆரம்பிக்கும், வாயில நுழையாது. ஆனா தேடுறதுக்கு அந்த நுழையாத பேருதான் தங்கம். வியாபாரப் பேரைப் போட்டா விளம்பரம், விதைக் கடை, வால்பேப்பர் எல்லாம் வந்து விழும், ரகப் பேரைப் போட்டா அந்தச் செடியை நிஜமாவே வெச்சிருக்கிற நர்சரியும் பேடன்ட்டும்தான் வரும். ரெண்டு பேரையும் தனித்தனியா போட்டுத் தேடுங்க, அதோட எக்கினேசியாங்கற தாவரப் பேரையும் சேத்துக்கோங்க, ஏன்னா பல நர்சரி சைட்ல கோன்ஃப்ளவர்ங்கற வார்த்தையே இருக்காது, அப்படியே இருந்தாலும் கோன்ஃப்ளவர்னே கூப்பிடுற வேற செடிகளான ருட்பெக்கியாவையும் ராட்டிபிடாவையும் கூடவே கொண்டு வந்து கொட்டும்.

பேடன்ட்னு சொன்னேன், அதையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க, கூகிள் பேடன்ட்ஸ்ல இலவசமா கிடைக்கும். டேக்ல PPனு போட்டு ஒரு நம்பர் இருந்தா பேடன்ட் ஆயிடுச்சு, PPAFனு இருந்தா விண்ணப்பிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அமெரிக்காவுல செடி பேடன்ட் விண்ணப்பிச்ச நாள்லேருந்து 20 வருஷம், அதுவரைக்கும் அனுமதி இல்லாம கட்டிங் எடுத்தோ பிரிச்சோ பெருக்கக் கூடாது, விக்கிறதுக்குன்னு இல்ல, வீட்டுல சும்மா பெருக்கினாலும் அது மீறல்தான். அதனால புது ரகத்தை "எங்க தோட்டத்துல பிரிச்சது"ன்னு யாராவது வித்தா வாங்காதீங்க. பேடன்ட்ல இன்னொரு உபயோகமும் இருக்கு, தாய் தகப்பன் செடி எதுன்னு பெரும்பாலும் எழுதியிருப்பாங்க, உயரத்தையும் பூவோட அளவையும் அளந்து போட்டிருப்பாங்க, விளம்பரத்துல வர்ற வர்ணனையை விட இது எவ்வளவோ நம்பகமானது.

சரி, பேரு கிடைச்சாச்சு, எந்த வருஷம்னும் தெரிஞ்சாச்சு, இனி வாங்குற இடம். தபால்ல செடி அனுப்புற நர்சரிகள்தான் புது ரகத்துக்கு முதல் இடம், ஏன்னா அவங்க வியாபாரமே புதுசு புதுசா கேட்டலாக்ல காட்டுறதுலதான் ஓடுது. ஒஹாயோவுல புளூஸ்டோன் பெரெனியல்ஸ், கனெக்டிகட்ல ஒயிட் ஃப்ளவர் ஃபார்ம், மிச்சிகன்ல ஜீலேண்ட்லயே இருக்குற கார்டன் கிராஸிங்ஸ், வட கரோலினாவுல ராலேல பிளான்ட் டிலைட்ஸ், இவங்க நாலு பேரோட சைட்டையும் முதல்ல பாத்துடுங்க. ப்ரூவன் வின்னர்ஸ் பிராண்டுல வர்ற கலர் கோடட் மாதிரி வரிசைன்னா அவங்க சைட்லயே நேரா வாங்கலாம், உங்க ஜிப் கோடு போட்டா பக்கத்துல எந்தக் கடையில அவங்க செடி வருதுன்னும் காட்டும். புது ஹைப்ரிட் (ரெண்டு இனத்தைக் கலந்து உருவாக்கினது) வேண்டாம், இயற்கையில இருக்குற அசல் இனம்தான் வேணும்னா அதுக்கு மினசோட்டாவுல பிரேரி மூன், விஸ்கான்சின்ல பிரேரி நர்சரி, இது வேற உலகம், இங்க புது கலரைத் தேடிப் போகாதீங்க.

இந்த நர்சரிகள் குளிர்காலத்துலயே அடுத்த வசந்தத்துக்கான ஆர்டரைத் திறந்துடுவாங்க, ஜனவரி பிப்ரவரின்னு வெச்சுக்கோங்க. புது ரகத்தோட முதல் வருஷ ஸ்டாக் கொஞ்சமாத்தான் இருக்கும், டிஷ்யூ கல்ச்சர்ல எவ்வளவு வந்துச்சோ அவ்வளவுதான், மார்ச் ஏப்ரல்ல வெயில் அடிச்சதும் எல்லாருக்கும் தோட்ட ஞாபகம் வரும், அப்ப போய் நின்னா சோல்ட் அவுட். ஜனவரியில ஆர்டர் போட்டா செடி உடனே வராது, உங்க ஜோன்ல உறைபனி போற சமயமா பாத்து அவங்களே அனுப்புவாங்க. கேட்டலாக்குல இன்னும் வரலைன்னா அந்தப் பக்கத்துல இருக்குற ஸ்டாக் வந்தா தெரிவிங்கன்ற பட்டன்ல மெயில் ஐடி கொடுத்து வைங்க, இதுல செலவு ஒண்ணும் இல்ல. இலையுதிர் காலத்துக்கும் பல நர்சரி ரெண்டாவது தடவை அனுப்புவாங்க, வசந்தத்துல விட்டது அப்ப கிடைக்கலாம், ஆனா குளிர் அதிகமான ஜோன்ல இருந்தீங்கன்னா உறைபனிக்கு ஒரு ஆறு வாரமாவது முன்னாடி மண்ணுல நட்டுடணும், இல்லைன்னா வேர் பிடிக்காம குளிர்காலத்துல போயிடும்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி தொட்டி சைஸைப் பாருங்க, போட்டோவைப் பாத்து ஏமாறாதீங்க. ஒரு இடத்துல விலை பாதியா இருக்கேன்னு பாத்தா அது விரல் நீளத்துக்கு ஒரு ப்ளக்கா இருக்கும், இன்னொரு இடத்துல குவார்ட் தொட்டி, வேற ஒரு இடத்துல கேலன். கோன்ஃப்ளவர் பொறுத்தவரைக்கும் இது சும்மா சைஸ் விஷயம் இல்ல, சின்ன செடி முதல் குளிர்காலத்தைத் தாண்டுறது கஷ்டம், அதனால குவார்ட்டோ அதுக்கு மேலயோ இருந்தா கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லம்பேன். ஷிப்பிங்கையும் கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஒரே ஒரு செடிக்கு ஷிப்பிங் செடி விலையளவுக்கே வந்துடும், நண்பர்களோட சேந்து ஒரே பெட்டியில வாங்கினா கட்டுப்படியாகும். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலத்துக்கு விவசாய விதிகளால சில நர்சரி அனுப்புறதே இல்ல, கார்ட்ல எல்லாம் போட்டு முடிச்ச பிறகு தெரிஞ்சு கடுப்பாகாம முதல்லயே ஷிப்பிங் பக்கத்தைப் படிச்சுடுங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற வழி, ஆனா யாரும் அவ்வளவா பண்றதில்ல. உங்க ஊர்ல சொந்தமா நடத்துற ஒரு நல்ல நர்சரி இருக்கும் இல்லையா, பெரிய செயின் கடை இல்லாம, அங்க பெரெனியல் வாங்குற பொறுப்புல ஒருத்தர் இருப்பார். அவரைப் பாருங்க, ஏப்ரல்ல கூட்டத்துக்கு நடுவுல போய் கேக்காதீங்க, அவங்க அடுத்த வருஷ ஆர்டரைக் கோடை முடியறப்பவும் குளிர்காலத்துலயும்தான் மொத்த வளர்ப்பாளர்கிட்ட போடுவாங்க, அப்ப போய் பேசுங்க. "புது கோன்ஃப்ளவர் ஏதாவது வருமா"ன்னு பொதுவா கேட்டா "பாக்கலாம்"னு பொதுவாத்தான் பதில் வரும். அதுக்கு பதிலா ஒரு சீட்டுல ரகப் பேரு, வியாபாரப் பேரு, ப்ரீடர் யாரு, எந்த மொத்த வளர்ப்பாளர் கேட்டலாக்ல இருக்கு, இத்தனையும் எழுதிக் கொடுத்து "வந்தா நான் மூணு எடுத்துக்கறேன், இப்பவே முன்பணம் கட்டுறேன்"னு சொல்லிப் பாருங்க. மொத்தத்துல வாங்கும்போது ஒரு ட்ரே முழுசா எடுக்கணும், மிச்சச் செடி வித்துடுமான்னுதான் அவருக்கு யோசனை, மூணு ஏற்கெனவே போயிடுச்சுன்னா அந்த யோசனை பாதி குறைஞ்சுடும். தோட்டக் க்ளப் ஆளுங்க ரெண்டு மூணு பேரு சேந்து கேட்டா இன்னும் சுலபம். இதுல கிடைக்கிற செடி உங்க ஊர் வெயில்லயே நின்னு வளர்ந்த கேலன் செடியா இருக்கும், பெட்டிக்குள்ள அஞ்சு நாள் இருட்டுல வந்ததா இருக்காது, எனக்குக் கேட்டா தபாலை விட இதுதான் மேல்.

பெரிய செயின் கடைகள்ல முதல் வருஷ ரகம் அபூர்வம், ரெண்டு மூணு வருஷம் ஆனதுதான் வரும், அதுவும் சில சமயம் டேக்ல வெறும் எக்கினேசியான்னு மட்டும் இருக்கும். பொட்டானிக் கார்டன்கள் வசந்த காலத்துல நடத்துற செடி விற்பனையை மட்டும் விட்டுடாதீங்க, முன்கூட்டியே லிஸ்ட் வெளியிடுவாங்க, உறுப்பினரா இருந்தா பல இடத்துல ஒரு நாள் முன்னாடியே உள்ள விடுவாங்க.

விதை விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா காசு அதிகமா வீணாப் போறது இங்கதான். டபுள் பூ (அடுக்கடுக்கா இதழ் வர்றது), ரெண்டு கலர் பூ, அந்த ஆரஞ்சு சிவப்பு ஹைப்ரிட் இதுல முக்காவாசி டிஷ்யூ கல்ச்சர், செடியைப் பிரிக்கிறது மாதிரி வழியிலதான் அதே மாதிரி வரும், அதோட விதையைப் போட்டா வேற ஏதோதான் முளைக்கும். ஆகவே ஒரு புது டபுள் ரகத்தோட விதைன்னு மார்க்கெட்ப்ளேஸ்ல வித்தா அதை நம்ப வேண்டாம், நீலக் கோன்ஃப்ளவர், வானவில் கோன்ஃப்ளவர்னு படம் போட்டு விக்கிறது மொத்தமும் எடிட் பண்ணின படம், அப்படி ஒரு நீலச் செடியே கிடையாது. ஆனா விதையிலேயே நல்லா வர்றதுக்குன்னு உருவாக்கின ரகங்களும் இருக்கு, அது தனி. பவ்வாவ் வைல்ட் பெரி 2010லயும் செயென் ஸ்பிரிட் 2013லயும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கினது ரெண்டுமே விதை ரகம்தான், நல்ல விதைக் கம்பெனி எதுலயும் கிடைக்கும், செயென் ஸ்பிரிட்ல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளைன்னு கலந்து வரும், எது எந்த கலர்னு பூத்தாத்தான் தெரியும். கம்மி செலவுல நிறைய செடி வேணும்னா இதுதான் வழி. அந்த விருது வாங்கினவங்க லிஸ்ட் வருஷா வருஷம் வரும், அதுல எக்கினேசியா இருந்தா அது கடைக்கு வந்துடும்னு கிட்டத்தட்ட உறுதியா நம்பலாம், ஏன்னா விருது பேரைச் சொல்லியே விக்கறதுக்கு எல்லாரும் வளர்ப்பாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி உங்களையே கேட்டுக்கோங்க, இந்த ரகம் ரெண்டாவது வருஷம் உயிரோட இருக்குமா. இதை நான் பயமுறுத்தச் சொல்லல, இந்தச் செடிகளோட சரித்திரமே அப்படி. சாதாரண ஊதாப் பூ எக்கினேசியா பர்ப்யூரியா கெட்டிச் செடி, அதுலேருந்து வந்த மேக்னஸ் 1998ல பெரெனியல் பிளான்ட் ஆஃப் த இயர் ஆச்சு, இன்னைக்கும் சும்மா நட்டு விட்டா நிக்கும். ஆனா அதுல மஞ்சளும் ஆரஞ்சும் கிடையாது, அந்த நிறத்துக்காக ஓசார்க் மலைப் பக்கத்து மஞ்சள் இனமான பாரடாக்ஸாவோட சேத்தாங்க, அந்த இனத்துக்குத் தண்ணி வடியற வறண்ட மண்ணுதான் பிடிக்கும். 2000க்கு அப்புறம் வந்த முதல் கலர் ஹைப்ரிட்கள் பல தோட்டத்துல ஒரே குளிர்காலத்துல காணாமப் போனதுக்கு ஈர மண்ணுல வேர் அழுகுனது ஒரு பெரிய காரணம். இப்ப வர்றது எவ்வளவோ தேவலை, ஆனாலும் ஒவ்வொரு ரகத்துக்கும் வித்தியாசம் இருக்கு.

அதைத் தெரிஞ்சுக்க விளம்பரத்தைப் படிக்காம ட்ரையல் ரிப்போர்ட்டைப் படிங்க. டெலவேர்ல இருக்குற மவுண்ட் கியூபா சென்டர் 2018லேருந்து 2020 வரைக்கும் நிறைய எக்கினேசியாக்களைப் பக்கத்துல பக்கத்துல நட்டு வளர்த்துப் பாத்து மார்க் போட்டு அறிக்கையை இலவசமா வெளியிட்டிருக்காங்க, எந்தச் செடிக்குத் தேனீ பட்டாம்பூச்சி எவ்வளவு வந்துச்சுன்னு கூட எண்ணியிருக்காங்க, பிகா பெல்லாவும் ஃப்ராக்ரண்ட் ஏஞ்சலும் நல்ல மார்க் வாங்கினதுல சேரும், உருண்டையா பொங்கிட்டு இருக்கிற டபுள் பூக்களுக்கு ஒத்தை அடுக்குப் பூவை விட பூச்சி கம்மியாத்தான் வருது. சிகாகோ பொட்டானிக் கார்டனும் இதே மாதிரி வருஷக்கணக்குல வளர்த்துப் பாத்து ரிப்போர்ட் போடுவாங்க, குளிர் அதிகமான ஊர்க்காரங்களுக்கு அது ரொம்ப உபயோகம். இந்த வருஷமே வந்த ரகம் இதுல இருக்காதுதான், ஆனா அதே வரிசையில முன்னாடி வந்த கலர் இருக்கும், அது எப்படி நின்னுச்சுன்னு பாத்தாலே ஒரு ஐடியா கிடைச்சுடும். என்னோட பழக்கம், மனசுக்கு ரொம்பப் பிடிச்ச புது ரகம்னா முதல் வருஷம் ஒண்ணே ஒண்ணு, அது குளிர்காலம் தாண்டினா மட்டும் அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு, அதுக்குள்ள விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும், கடையும் கூடியிருக்கும்.

கடையில நேரா எடுக்கறப்ப பூவைப் பாத்து எடுக்காதீங்க. ஒத்தைத் தண்டுல பெரிய பூ ஒண்ணு நிக்கும், பக்கத்துத் தொட்டியில பூவே இல்லாம அடியிலேருந்து நாலஞ்சு தளிர் வந்திருக்கும், ரெண்டாவதை எடுங்க, வேரும் தண்டும் சேர்ற அந்தக் கழுத்துப் பகுதியிலேருந்து எத்தனை தளிர் வருதோ அதுதான் செடியோட பலம். பூ பச்சையா சுருண்டு, நடுக் கூம்புலேருந்து குட்டி குட்டியா இலைக் கொத்து மாதிரி முளைச்சிருந்தா அது ஆஸ்டர் யெல்லோஸ், இலைத் தத்துப்பூச்சி மூலமா பரவுற நோய், மருந்தே கிடையாது, அந்தச் செடி மட்டும் இல்ல, அந்த மேஜையிலேருந்தே எதையும் எடுக்காதீங்க. கிரீன் ஜுவல் மாதிரி இயற்கையாவே பச்சைப் பூ பூக்கிற ரகமும் இருக்கு, அதுல எல்லாப் பூவும் ஒரே சீரா அழகா பச்சையா இருக்கும், நோயில கோணல் மாணலா இருக்கும், ஒரு தடவை பாத்தா வித்தியாசம் புரிஞ்சுடும்.

தபால்ல வந்த செடின்னா பெட்டியைப் பிரிச்ச உடனே டேக்கோட சேத்து போட்டோ எடுத்துடுங்க, தண்ணி ஊத்தி ரெண்டு மூணு நாள் நிழல்ல வெச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குக் காட்டி நடுங்க. மண்ணுல தண்ணி தேங்கக் கூடாது, களிமண்ணா இருந்தா மேடு போட்டு நடுங்க. முதல் வருஷம் வர்ற பூக்காம்பை மனசைக் கல்லாக்கிட்டுக் கிள்ளி விடுங்க, ஒண்ணு மட்டும் விட்டு கலர் சரியா வந்திருக்கான்னு பாத்துட்டு அதையும் எடுத்துடுங்க, சத்தெல்லாம் வேருக்குப் போனாத்தான் குளிர்காலம் தாண்டும். கலர் தப்பா வந்திருந்தா, அதாவது வேற ரகம் வந்து சேந்திருந்தா, உடனே நர்சரிக்கு அந்த போட்டோவோட எழுதுங்க, லேப்லயோ ட்ரேயிலயோ மாறிப்போறது உண்டு, நல்ல நர்சரி மாத்திக் கொடுப்பாங்க இல்லைன்னா காசைத் திருப்பிக் கொடுப்பாங்க, ஆனா எவ்வளவு நாளைக்குள்ள சொல்லணும்ங்கறது ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி, அதை ஆர்டர் போடுறப்பவே படிச்சு வெச்சுக்கோங்க. டேக்கை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்த வருஷம் இதே ரகம் இன்னும் ரெண்டு வேணும்னு நர்சரிக்காரர்கிட்ட போய் நிக்கறப்ப அந்த நுழையாத பேரு அதுலதான் இருக்கும்.